தட்டில் ஒரு புள்ளி

அண்ணன் கைப்பேசியைத் தங்கையின் கண்ணருகே பிடித்து, இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினான். வட்டத் தட்டின் ஓரத்தில் கடுகளவு வெள்ளைப் புள்ளி.

"முளைச்சிருக்கு குட்டி. காலையில ஆய்வகத்துக்குப் போய் நானே எடுத்தேன்."

மருத்துவர்கள் கையை விரித்துவிட்டார்கள். அவள் கேட்டது இந்தப் படத்தை மட்டும்தான். ஒரு வகைச் சர்க்கரையைத் தின்னத் தெரியாத ஈஸ்டோடு வருடக்கணக்காக மாரடித்தவள். தட்டில் அந்தச் சர்க்கரையைத் தவிர வேறு தீனி கிடையாது. பட்டினி கிடக்கும் ஈஸ்டுக்குள் வேறு வேறு மரபணுக்களைப் புகுத்திப் பார்ப்பாள். எது புகுந்ததும் அது தின்று, புள்ளியாக வளர்கிறதோ, அதுதான் அவள் தேடும் மரபணு. இதுவரை ஒரு தட்டும் வாய் திறக்கவில்லை.

"உன் கடை ஈஸ்ட் எதப் போட்டாலும் முழுங்கும். என்னோடது வீம்பு புடிச்சது" என்று பேக்கரி வைத்திருந்த அண்ணனைச் சீண்டுவாள்.

படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மூடியத் தெறந்தியாண்ணா?"

முந்தாநாள் திறந்திருந்தான். மாவு பிசைந்த சட்டையோடு நேரே ஆய்வகத்துக்குப் போனவன், அவளோடு வேலை செய்யும் தோழி அந்தப் பக்கம் நகர்ந்ததும், சரியாகத் தெரியவில்லையே என்று மூடியைத் தூக்கிவிட்டு மூக்கு படக் குனிந்து பார்த்தான். அது எவ்வளவு பெரிய தப்பு என்று இப்போதுதான் உறைத்தது.

"இல்லம்மா."

"அப்ப அதேதான்" என்று சிரித்தாள். சாயங்காலம் போய்விட்டாள்.

மறுநாள் அவளை வீட்டு உள்ளறையில் கிடத்தியிருந்தார்கள். ஆய்வகத் தோழி வந்து, அழுது முடித்து, வெளியே நின்றவனிடம் வந்தாள்.

"அந்தப் புள்ளியிலேர்ந்து மரபணுவப் பிரிச்சு எடுக்கப் போறோம்ணா. கட்டுரையில அவ பேருதான் முதல்ல வரும்."

பேசாமல் இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தான். ஆனால் தங்கை பெயரைப் போய் அந்தப் பொய்யின் மேல் எழுத மனசு வரவில்லை.

"அது என் கடை ஈஸ்டா இருக்கும்மா. மூடியத் தெறந்து பாத்துட்டேன்."

தோழி உள்ளறைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"அவளுக்குத் தெரியுமா?"

"கேட்டா. இல்லன்னுட்டேன்."

தோழி முகத்தைத் துடைத்துக்கொண்டு ஆய்வகத்துக்குப் போன் போட்டாள். "ஆமா, அவளோட தட்டுதான். தூக்கிப் போட்டுடுங்க. மறுபடி முதல்லேர்ந்து..."

"கொஞ்சம் மெதுவாப் பேசும்மா" என்றான் அவன், உள்ளறைக் கதவைச் சாத்திக்கொண்டே.