மல்லாந்து பார்க்க வேண்டிய படம்

"தட்டாதடி. தட்டினா எல்லாம் சிதறிப் போகுது. தானா அடங்கட்டும்," என்றாள் அக்கா.

ஜன்னலோரம் வைத்திருந்த தண்ணீர் டப்பிலிருந்து கையை எடுத்துக்கொண்டேன். காலை வெயில் அதில் பட்டு, கட்டிலுக்கு மேலே கூரையில் நெளிந்தது. இடுப்பு எலும்பு முறிந்து படுத்ததிலிருந்து அக்காவுக்கு அந்தக் கூரைதான் உலகம். 'இந்த வெள்ளைச் சீலிங்கையே எவ்வளவு நாள்டி முறைக்கறது' என்று அவள் எரிந்து விழுந்த ஒரு காலையில், துணி அலசப் பிடித்துவைத்த தண்ணீர் தற்செயலாக மேலே ஒரு வலையை விரித்தது. அவள் வாய் மூடிக்கொண்டது. அன்றிலிருந்து தினமும் டப்பும் கேமராவும்தான். கேமரா நான் ஓய்வு பெற்றபோது தையற்கூடத்துப் பெண்கள் வாங்கித் தந்தது. அமுக்குவது நான், எப்போது என்று சொல்வது அவள். நெளிவு கோடாகும், கோடு நூலாகும், நூல் அறுந்துவிடும்போல நிற்கும். "இப்போ" என்பாள். முந்திக்கொண்டால் திட்டு விழும். "அவசரக்குடுக்கை! பஸ்ஸா போயிடப்போகுது?"

நூலகத்தில் தண்ணீரைப் பற்றிப் படக் கண்காட்சி என்றதும், நல்லதாக ஒன்றைப் பெரிதாக அச்சிட்டு எடுத்துப் போனேன். நூலகர் அதை நாலு பக்கமும் திருப்பினார்.

"அம்மா, தண்ணியக் கேட்டா வீட்டு சீலிங்கக் கொண்டுவந்திருக்கீங்க. காரை வேற பேந்திருக்கு."

"தண்ணி கீழ இருக்கு சார். வெளிச்சம் அதைத் தொட்டுட்டு மேல போயிருக்கு. எங்க அக்கா படுத்துக்கிட்டே பார்த்துச் சொல்ல, நான் எடுத்தது."

அவர் முகம் இளகியது. "அப்படிச் சொல்லுங்க! ஓரமா மாட்டிடலாம். உடம்பு முடியாத அக்காவுக்காகன்னு ஒரு வரி போட்டா ஜனங்க உருகிடுவாங்க."

என் படம் ஒன்று நாலு பேர் பார்க்கச் சுவரில் தொங்க வேண்டும் என்பது எனக்கு எவ்வளவு நாள் ஆசை! தலையாட்டிவிட்டுத்தான் வந்தேன். அக்கா கேட்டதும் கொதித்தாள்.

"உருகறதுக்கு நான் என்ன மெழுகுவத்தியா? நான் எப்படிப் பார்த்தேனோ அப்படி மாட்டச் சொல்லு. சீலிங்ல. ரெண்டு பேர் பேரையும் போடச் சொல்லு. இல்லேன்னா திருப்பி வாங்கிட்டு வா."

வாங்கிவரத்தான் போனேன். சொல்ல வேண்டியதையும் சொன்னேன். நூலகர் வெகுநேரம் அண்ணாந்து மின்விசிறிக் கொக்கியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"விழுந்துச்சுன்னா என் வேலை போயிடும்மா."

"இறுக்கிக் கட்டுங்க."

கண்காட்சியன்று வந்தவர்கள் சுவர்களைப் பார்த்தபடியே நகர்ந்தார்கள். கொக்கியில் எங்கள் இருவர் பேரோடும் தொங்கிய படத்தை ஒருவரும் தலை தூக்கிப் பார்க்கவில்லை. சக்கர நாற்காலியில் வந்த அக்கா அலட்டிக்கொள்ளவே இல்லை. "என்னைச் சாய்டி" என்றாள். சாய்வை இறக்கினேன். நடுக்கூடத்தில் மல்லாந்து மேலே பார்த்தாள், தன் சொத்தைப் பார்ப்பதுபோல. பக்கத்தில் ஒருவர் அண்ணாந்தார். ஒரு பெண் கைப்பையைத் தலைக்கு வைத்துத் தரையிலேயே படுத்துவிட்டாள். அப்புறம் இன்னும் சிலர். கடைசியில் நூலகரும் செருப்பைக் கழற்றிவிட்டு, ஒரு செய்தித்தாளை விரித்தார்.

"அம்மா, இது அசையுதே!"

"அசையும். பேசாம இருங்க, அடங்கும்," என்றாள் அக்கா.

கூடம் அடங்கியது. நூலகருடைய மூக்குக்கண்ணாடியில் எங்கள் வீட்டு வெளிச்சம் சின்னதாக இரண்டு வலைகளாய் விழுந்திருந்தது. கேமராவை எடுத்துக் கண்ணில் வைத்தேன். பொத்தான்மேல் விரல் தயாராக இருந்தது. அக்கா இன்னும் 'இப்போ' சொல்லவில்லை.