ஏழு வயசு அளவு

"எத்தனை வயசுப் பிள்ளைக்கு சார்?" என்று குலசேகரம் ஜவுளிக்கடைப் பெண் கேட்டாள்.

"ஏழு" என்றான் சிவபிரசாத்.

வாய்ப் பழக்கம். பட்டுப்பாவாடையும் சட்டையும் வாங்கி, மகள் நந்தனாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஆட்டோவில் ஏறிய பிறகும் அவனுக்கு உறைக்கவில்லை.

மனைவி சுஜா போய் எட்டு மாதம் ஆகிறது. தோவாளைப் பக்கம் ஊர்க்குளம். சிறுவயது முதல் நீந்தியவள். நட்டநடுப்பகலில் அக்கரை தொட்டுத் திரும்பும்போது பாதியில் கை ஓய்ந்து முங்கினாள். நீரில் மூழ்கி மரணம் என்று போலீஸ் எழுதியது. அவனும் கையெழுத்துப் போட்டான். போன மாதம் பள்ளி ஓட்டப்பந்தயத்தில் நந்தனா விழுந்தாள். அரை நிமிடம் பேச்சுமூச்சில்லை. நாகர்கோவிலில் இதய மருத்துவர் இசிஜி தாளை இரண்டு முறை பார்த்தார்.

"பரம்பரையா வர்ற இதயத் துடிப்புக் கோளாறோன்னு சந்தேகமாதான் இருக்கு. ரத்தப் பரிசோதனை முடிவு வர ரெண்டு மாசம் ஆகும். அதுக்குள்ள உங்க மனைவி வழியில சின்ன வயசுல திடீர்னு போனவங்க யாரு, எப்படிப் போனாங்கன்னு விசாரிச்சிட்டு வாங்க."

வம்சாவளி வரைய ஒரு தாள் கொடுத்தார். ஆணுக்குக் கட்டம், பெண்ணுக்கு வட்டம், இறந்திருந்தால் குறுக்கே ஒரு கோடு. சுஜாவுக்கு ஒரு வட்டம் போட்டான். சுஜாவின் இரண்டு வயதில் இறந்த அவள் அம்மாவுக்கு ஒன்று. அதற்குமேல் மாமனாருக்கு எதுவும் தெரியவில்லை. "அவ மலைக்காரியாக்கும். அவங்க கதையை மலையிலதான் கேக்கணும்" என்றார்.

சுஜாவின் அம்மாவுக்குத் தாத்தா தெய்வநாயகம். எண்பது வருடத்துக்கு முன் தோவாளை வயலை விட்டுவிட்டு மலையடிவாரத்தில் காடு வெட்டிக் குடியேறியவர். முதல் மரச்சீனிக் கிழங்கு அவர் நட்டது, முதல் ரப்பர் அவர் வைத்தது என்று குடும்பத்தில் பெருமையாகச் சொல்வார்கள். அந்த வீட்டில் இப்போது அவருடைய மூத்த மகன் வழிப் பேத்தி அழகியநாயகி மட்டும் இருக்கிறாள். சுஜாவுக்குப் பெரியம்மா முறை.

போனில் அவள் சொன்னாள்: "எழுதி வச்சது ஒண்ணும் இங்க கெடையாது மக்கா. கன்னிப் பெட்டிதான் உண்டு. கல்யாணம் ஆகாம செத்த பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு துணி. புதுத்துணி வைக்காம அதைத் திறக்கப்பிடாது. வெறுங்கையோட வரண்டாம், கேட்டியா."

மலை வீட்டுக்கு வந்ததும் பொதியை நீட்டினான். அழகியநாயகி பிரித்தாள். பாவாடையைத் தூக்கிப் பிடித்தாள். அவள் பார்வை பாவாடையிலிருந்து நந்தனாவுக்குப் போயிற்று. திரும்பி வந்தது.

"இது யாருக்க அளவு மருமவனே?"

அவன் நந்தனாவைப் பார்த்தான்.

"அப்பா, எனக்கா?" நந்தனா பாவாடையைப் பிடித்து இழுத்தாள்.

"படிச்ச ஆளுதானே நீ? உயிரோட இருக்க பிள்ளைக்க அளவெடுத்துப் பெட்டிக்குக் கொண்டு வந்திருக்கியே!"

"தெரியாம... வேற வாங்கிட்டு வாறேன் அத்தை."

"இனி எங்க போவ? நில்லு." அவள் நந்தனாவின் தலை வழியே சட்டையை மாட்டினாள். பாவாடையைக் கட்டிவிட்டாள். "உடுத்தாச்சு. இனி இது பெட்டிக்கு ஆவாது. போ பிள்ளே, முத்தத்துல கோழி நிக்கு பாரு."

உள்ளே போய், தோளில் போட்டுக்கொள்ளத் தனக்கென்று எடுத்து வைத்திருந்த புது நேரியல் ஒன்றைக் கொண்டு வந்தாள்.

"கன்னிக்கு நேரியலா?"

"பெட்டியில இருக்க பிள்ளைக அறுவது வயசுக் கன்னி வேணும்னா என்னைக் கூட்டிட்டுப் போவட்டும். ரப்பர் வெட்டி வெட்டி எனக்கும் மடுத்துப் போச்சு."

கன்னிமூலையில் உறி கட்டித் தொங்கவிட்டிருந்த ஓலைப்பெட்டியை இறக்கினாள். மூடி இறுகிப்போயிருந்தது. இதெல்லாம் மூடநம்பிக்கை என்று அவன் மனதுக்குள் சொல்லிக்கொண்டான். ஆனாலும் கையைச் சட்டையில் துடைத்துவிட்டுத்தான் மூடியைத் திறந்தான்.

உள்ளே நான்கு துணிகள். நான்கும் சின்னவை. ஒவ்வொன்றின் ஓரத்திலும் ஒரு முடிச்சு.

"பிடிமண்ணாக்கும். பிள்ளை விழுந்த எடத்துல ஒரு பிடி எடுத்து முடிஞ்சு வைக்கது." மேலே இருந்த பச்சைப் பாவாடையைத் தொட்டாள். "இது எனக்க அக்கா. பதினொரு வயசு. இடி வெட்டிச்சு. அது விழுந்தது தெங்குல. சத்தம் கேட்டு இவ சாஞ்சா."

முடிச்சை அவிழ்த்தான். செம்மண்.

மற்ற மூன்றும் பழுத்து, தொட்டால் பொடியும்போல இருந்தன. ஒன்றை அவிழ்த்தான். கறுத்த வண்டல், அதில் பொடிப்பொடியாக நத்தைக் கூடு. அடுத்ததிலும் வண்டல். மூன்றாவதிலும்.

"குளம்" என்றான்.

"தாத்தாவுக்கு மூணு தங்கச்சி. மூணும் நீச்சல் தெரிஞ்ச பிள்ளைகளாம். காடு வெட்டின வீரன்னு பேரப்பிள்ளைகிட்ட எல்லாம் சொல்லியாச்சு. நெல்லும் வயலும் கெடந்த ஆளு ஆனை நடக்க எடத்துக்கு எதுக்கு வந்தாரு? குளம் இல்லாத ஊரு வேணும்னு வந்தாரு. பயந்து ஓடி வந்த ஆளாக்கும்."

"ஏன் யாருமே சொல்லல?"

"சொன்னா பிள்ளைகளை யாரு கெட்டுவா?"

தாளில் நான்கு வட்டங்கள் போட்டுக் கோடு இழுத்தான். அழகியநாயகி நேரியலை மடித்து உள்ளே வைத்துப் பெட்டியை மூடினாள். அவன் வாசலுக்கு வந்து மருத்துவரை அழைத்தான். எல்லாவற்றையும் சொன்னான்.

"போதும். முடிவுக்குக் காத்திருக்க வேண்டாம், இன்னிக்கே மாத்திரை தொடங்கிடலாம். சாயங்காலத்துக்குள்ள கூட்டிட்டு வாங்க. அதுவரைக்கும் ஓடக் கூடாது, தண்ணியில இறங்கக் கூடாது. திடீர்னு சத்தம் போட்டுப் பயமுறுத்தக் கூடாது. பிள்ளை பக்கத்துலதானே இருக்கா?"

முற்றத்தில் கோழி மட்டும் நின்றது.

சரிவில், ரப்பர் மரங்களுக்கு நடுவே, பாவாடையை ஒரு கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு நந்தனா கீழே ஓடிக்கொண்டிருந்தாள். அதற்கும் கீழே ஓடைச் சத்தம் கேட்டது.

"ஏட்டி..." என்று பின்னால் வந்த அழகியநாயகி வாயெடுத்தாள். அவன் அவள் வாயைப் பொத்தினான்.

இறங்கினான். ஓடினால் சருகு சத்தம் போடும். பின்னால் யாரோ துரத்துவதுபோல் இருக்கும். அவள் திடுக்கிட்டுத் திரும்புவாள். நடந்தான். காலையில் அவளை எழுப்பும் குரலில் கூப்பிட்டான்.

"நந்து."

கேட்கவில்லை. ஓடைக்கு இன்னும் பத்துப் பதினைந்து மரம்தான்.

"நந்தும்மா."

அவள் நின்றாள். திரும்பினாள். மூச்சு வாங்கியது.

"என்னப்பா, குரல் போச்சா உங்களுக்கு?"

"ஆமா மக்கா. அங்கேயே இரு. அப்படியே கீழ உக்காரு. அப்பா வாறேன்."

விளையாட்டு என்று நினைத்து அவள் பாவாடையை விரித்து, சருகின் மேல் சம்மணமிட்டு உட்கார்ந்தாள். அவன் ஒவ்வொரு அடியாக எடுத்து வைத்து, சிரித்த முகத்தோடு அவளை நோக்கி இறங்கினான்.