சத்தியம் கேட்காத வீடு

மணி அசைந்த சத்தம் கேட்டதும் சாரா கைவிசிறியைக் கீழே வைத்துவிட்டு பால்கனிக்கு ஓடினாள். காற்றுதான். ரங்கூனின் லான்மடா பகுதியில் மாடி வீடு என்றால் தெருவரை தொங்கும் கயிறு ஒன்று கட்டாயம் உண்டு. கீழே வந்தவர் இழுத்தால் மேலே மணி அடிக்கும்; மேலே இருப்பவர் வாசல் சாவியைக் கிளிப்பில் மாட்டி இறக்கிவிடுவார். யாரும் வரப்போவதில்லை என்று தெரிந்தும் காலையிலிருந்து எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு இடத்துல இருக்க மாட்டியாடி?" என்றாள் இருதயம்மாள் அத்தை.

ஃபாதர் வந்து, சாகக் கிடப்பவர்களுக்குப் பூசும் எண்ணெயைப் பூசிவிட்டுப் போயிருந்தார். கரண்ட் இல்லை. அப்பா பிலிப்பின் மூச்சு நின்று நின்று வந்தது.

தம்பி சகாயராஜ் வேலைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு மழைக்காலத்தில் கிளம்பியவன். கட்டாய ராணுவத்துக்குப் பெயர் வந்ததும் எல்லை தாண்டித் தாய்லாந்துக்குப் போய்விட்டான். திரும்பினால் வழியிலேயே பிடித்துக்கொள்வார்கள். அப்பாவிடம் யாரும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. கேட்டுவிட்டால் உண்மையைச் சொல்லியாக வேண்டும். அந்த வீட்டு வழக்கம் அப்படி.

வழக்கம் வந்தது ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனியிலிருந்து. தாத்தா சிங்கராயர் அதன் ரங்கூன் ஆபீசில் கிளார்க். கம்பெனியை ஆரம்பித்தவர்கள் குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவக் கூட்டம். படைக்குப் போக மாட்டார்கள், கோர்ட்டில்கூட சத்தியம் செய்ய மாட்டார்கள். சொன்ன சொல்லே போதும் என்பார்கள். நெல் விலை படுத்துப்போன வருஷங்களில், தவணை கட்ட முடியாதவர்கள் எப்போது கட்டுவதாகச் சொன்னார்களோ அதையே நம்பி அந்த ஆபீஸ் காத்திருந்தது. பிறகு ஜப்பான் குண்டு விழுந்து ஊரே இந்தியாவுக்கு நடந்தது. சண்டை ஓய்ந்து ஆபீஸ் திறந்தபோது, நடைவழியில் செத்தவர்களுக்குச் சாட்சிக் காகிதம் ஏது? வீட்டார் வந்து "செத்துட்டாரு" என்றார்கள். தாத்தா சத்தியம் கேட்க மாட்டார். இன்ஷூரன்ஸ் பணத்துக்கான கோரிக்கையை ஏற்றுக்கொள்வார்.

இன்சீன் ஊர்த் தைலம்மாள் மட்டும், "கருமாரி மேல சத்தியமா எங்க வீட்டுக்காரரு செத்துட்டாருங்க" என்றாளாம். அதையும் தாத்தா ஏற்றுக்கொண்டார். "பாவம், புருஷன் செத்தாரா இருக்காரான்னு அந்தம்மாவுக்கே தெரியல. தெரிஞ்சிருந்தா சத்தியம் எதுக்கு?" என்று வீட்டில் சொன்னாராம்.

கம்பெனியை சர்க்கார் எடுத்துக்கொண்டபோது தாத்தா வீட்டுக்குக் கொண்டுவந்தது சொன்ன சொல்லை நம்புவது, சத்தியம் கேட்பதில்லை என்ற இந்த ஒரு வழக்கத்தைத்தான். சின்ன வயதில் சாரா எத்தனையோ பொய் சொல்லித் தப்பியிருக்கிறாள். அடி வாங்கியது "மாதா சத்தியமா" என்று சொன்னதற்குத்தான்.

மத்தியானத்துக்கு மேல் அப்பா கண் திறந்தார்.

"சகாயம் வர்றானா?"

அத்தை ஜெபமாலையைக் குனிந்து பார்த்தாள். சாரா நகர்ந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். சாகப்போகிற மனுஷனிடம் வரமாட்டான் என்று எப்படிச் சொல்வது?

"வர்றான்ப்பா. வந்துகிட்டே இருக்கான். சத்தியமா."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. அவர் பார்வை அவள் முகத்திலேயே நின்றது. வெட்கத்தில் அவளுக்கு எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது. தெருவில் ஒரு சைக்கிள் ரிக்‌ஷா மணியடித்துக்கொண்டே போய் ஓய்ந்தது.

"தைலம்மா," என்றார் மெல்ல. உதடு கொஞ்சம் சிரித்தது.

சாரா அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"துப்பாக்கி தூக்கிட்டானா?"

"இல்லப்பா."

"சரி," என்றார். அதற்குமேல் அவனைப் பற்றிக் கேட்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கொஞ்சம் மூச்சு சேர்த்தார். "சாவிய இறக்கி விட்டுடும்மா. எந்நேரம் வருவானோ."

அவள் பால்கனிக்குப் போனாள். கிளிப் இரண்டு முறை நழுவியது. சாவி கீழே போய்ச் சேரும்வரை பார்த்துவிட்டுத் திரும்பியபோது அத்தை அப்பாவின் தாடையைத் துணியால் கட்டிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் அடக்கம் முடிந்தது. ஜெபம் சொல்ல வந்தவர்கள் தேநீர் குடித்துவிட்டு இறங்கினார்கள். சாரா நாற்காலிகளை மடக்கினாள், மறுபடி விரித்தாள், கழுவிய டம்ளர்களையே திரும்பவும் கழுவினாள். பிறகு போனை எடுத்துத் தம்பியைக் கூப்பிட்டாள். அடித்தது, எடுக்கவில்லை.

"வாசச் சாவி நேத்துலேர்ந்து தெருவுல தொங்குதுடி," என்றாள் அத்தை. "எவனாவது எடுத்துட்டுப் போயிடப் போறான். மேல இழு."

சாரா கயிற்றை இழுத்தாள். மணி அடித்தது. சாவி வந்தது. கிளிப் தளர்ந்திருந்தது. அதைக் கழற்றிவிட்டு, சாவியைக் கயிற்றிலேயே இரண்டு முடிச்சுப் போட்டுக் கட்டினாள். இழுத்துப் பார்த்துவிட்டு, மறுபடியும் தெருவுக்கு இறக்கினாள்.