மெர்போக் மன்றத்துக் கணினிக்கு மூச்சு முட்டிய கதை

நெருப்பைக் கண்டுபிடித்ததற்குப் பிறகு மனித குலம் அடைந்த மாபெரும் வெற்றி, செருப்புப் பெட்டி அளவில், மெர்கோங்கில் உருவானது. இதைச் சொன்னவன் வேறு யாருமில்லை, அந்தக் கணினியைக் கட்டிய புவனேசன்தான். மெர்போக் இளைஞர் மன்றத்து மேசையில் வைத்துப் பயிற்சி ஆட்டம் தொடங்கிய சற்று நேரத்திலேயே மனித குலத்தின் வெற்றிக்கு மூச்சு வாங்கியது. திரையில் துப்பாக்கியோடு பாய்ந்த வீரன், தாம்பூலத் தட்டு ஏந்தியவன்போல் அடிமேல் அடி வைத்து நடந்தான்.

மாலையில் பெண்டாங் ஊர் ஆளோடு இணையத்தில் இறுதி ஆட்டம். மன்றத்தின் சார்பில் ஆடப்போகிறவள் காஞ்சனா. கணினியை நன்கொடையாகக் கொடுத்தவர், முன்வரிசையில் உட்கார்ந்திருந்த மன்றத் தலைவர் சீனிவாசகம். "பினாங்குல வாங்கிடலாம்" என்றவரை, "பினாங்கு எதுக்கு தலைவரே, நான் இருக்கேன்ல" என்று தடுத்தவன் புவனேசன். இன்று இது கவிழ்ந்தால், ஆயுசுக்கும் தான் வேலை பார்க்கும் போன் கடையில் சார்ஜர் விற்க வேண்டியதுதான்.

"அண்ணே, நான் ஒரு தடவ சுடறதுக்குள்ள அவன் எனக்குக் கருமாதியே செஞ்சிட்டுப் போயிருவான் லா" என்றாள் காஞ்சனா.

"பொறும்மா. செக்கெஜாப், ஒரே நிமிஷம்."

வெப்ப அளவைத் திரையில் வரவழைத்தான். நூறு டிகிரி. கருகிப் போகாமலிருக்க பிராசசர் தன் வேகத்தைத் தானே பாதிக்கும் கீழே இறக்கிக்கொண்டிருந்தது. புவனேசனுக்கு உடம்பெல்லாம் குறுகுறுத்தது. நோய் பிடிபட்டுவிட்டது, இனி வைத்தியம்தான்.

கேசிங்கை முழுசாக மேலே தூக்கிக் கழற்றினான். பிராசசர் மேல் சூடு கடத்தும் பழைய பேஸ்ட்டைத் துடைத்துப் புதிது தடவினான். திறந்தபடியே ஓடவிட்டான். எழுபது. கூட்டம் கைதட்டியது. கேசிங்கை மாட்டினான். நூறு. கழற்றினான். அறுபத்தெட்டு. மாட்டினான். கைதட்டியவர்கள் கையைக் கட்டிக்கொண்டார்கள்.

"சட்டையில்லாமத்தான் ஓடும்போல" என்றாள் காஞ்சனா.

"வீட்ல மூடி வெச்சு நேத்து மத்தியானம் பூரா ஓட்டினேன்மா. ஜம்முனு ஓடிச்சு." சொல்லும்போதே அவனுக்குப் பொறி தட்டியது. வீட்டில் இல்லாதது எதுவோ இப்போது கேசிங்கில் இருக்கிறது. உள்ளங்கையை இடது பக்கம் வைத்துப் பார்த்தான். விசிறி காற்றை உள்ளே இழுக்க வேண்டிய ஓட்டைகளின் மேல், காலையில்தான் மன்றத்தார் ஒட்டிய படத்தில் தலைவர் சிரித்துக்கொண்டிருந்தார். 'உபயம்: சமூகச் செம்மல் சீனிவாசகம் குடும்பத்தார்.' மொத்தக் காற்றும் அவர் மீசையில் முட்டி நின்றது.

"தலைவரே, தப்பா நெனைக்காதீங்க. உங்க பேரு காத்த மறைக்குது."

"என் பேரு இல்லாம மெஷின் ஓடுமா தம்பி?"

"ஓடுது தலைவரே. அதான் சொல்லக் கஷ்டமா இருக்கு."

தலைவர் அரங்கைப் பார்த்தார். அரங்கு கடிகாரத்தைப் பார்த்தது. "பிய்ங்க" என்றார், உயில் எழுதிக் கொடுப்பவர்போல.

புவனேசன் வெற்றிக்களிப்போடு பிய்த்தான். சூடு இறங்கியது, தொண்ணூறில் நின்றது. அதற்குமேல் அசையவில்லை. பெண்டாங் ஆள் ஆட்டத்துக்குள் வந்துவிட்டதாகத் திரை சொன்னது.

"இன்னும் எங்கியோ அடைக்குது" என்று அவன் குனிந்து அடியில் தேடினான், பின்னால் தேடினான். காஞ்சனா எழுந்து நின்று, பெட்டியை மேலிருந்து பார்த்தாள்.

"அண்ணே, இந்தத் தங்கக் கலர்ல இருக்கே, இது யாரு?"

சூடான காற்று வெளியேற வேண்டிய மேல் ஓட்டைகள் முழுவதையும் மூடி, பளபளவென்று ஒரு ஸ்டிக்கர். 'வடிவமைப்பு: கணினிச் சிற்பி புவனேசன், மெர்கோங்.' சோதனையெல்லாம் முடிந்து, காரில் ஏற்றும் முன் அவனே ஒட்டியது.

யாரும் சிரிக்கவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. காஞ்சனா நகத்தால் ஒரு ஓரத்தைக் கிளப்பி, ஒரே இழுப்பில் உரித்தாள். எண்பது. எழுபத்தைந்து. எழுபது. வீரன் துள்ளி ஓடினான். அரங்கே எழுந்து நின்று கத்த, அவள் பெண்டாங்கை ஓட ஓட விரட்டி, கோப்பையை மெர்போக்குக்கு வாங்கிவிட்டாள். புவனேசனும்தான் கத்தினான், தொண்டை கட்டும்வரை.

ஆரவாரம் அடங்கியதும் தலைவர் இரண்டு ஸ்டிக்கர்களையும் மேசையில் அருகருகே வைத்து நீவிவிட்டுப் பார்த்தார்.

புவனேசனுடையது இரண்டு விரற்கடை பெரியது.