கொம்பியூட்டருக்குத் தீர்த்தம்

தொண்ணூற்றொன்பதில் நெடுந்தீவில் இருந்த ஒரேயொரு கொம்பியூட்டர் எங்கள் வீட்டில்தான் இருந்தது. பிரான்சிலிருந்து மச்சான் அனுப்பியது. தீவில் கரண்ட் இல்லை என்பதை அந்த மடையன் மறந்துவிட்டான். என் மனைவி மேர்சி அதற்கு உறை தைத்துப் போட்டு, மேலே மாதா சுருவத்தை வைத்திருந்தாள்.

மார்கழியில் ஒருநாள், பக்கத்து வீட்டுக் குருசுமுத்து அண்ணை சைக்கிளைக் கவிழ்த்து, டைனமோ சுற்றி ரேடியோ கேட்டுவிட்டு ஓடிவந்தார்.

"அன்ரனி, ரெண்டாயிரம் பிறந்த உடன உலகத்துக் கொம்பியூட்டர் எல்லாம் பழுதாகப் போகுதாம்!"

"கரண்டே இல்லாத பெட்டி எப்பிடியண்ணை பழுதாகும்?"

"வள்ளத்தைக் கடலில இறக்க முந்தி மந்திரிக்கிறேல்லையோ? அது மாதிரித்தான்."

மேர்சி அவர் பக்கம் சேர்ந்துவிட்டாள். புது வள்ளத்துக்குப் போடுவதுபோல் பெட்டிக்கு மாலை போட்டார்கள். மடு மாதா கோயிலிலிருந்து கொண்டுவந்த தீர்த்தத்தை அண்ணை தெளித்தார். தெளித்தால் உள்ளே போகாது என்று, காற்றுப் போகும் ஓட்டைகளுக்குள் போத்தலையே கவிழ்த்தார். நான் கத்தினேன். கத்தாமல் செபம் சொல்லச் சொன்னார்கள்.

புதுவருடம் பிறந்தது. உலகத்தில் எதுவும் பழுதாகவில்லை என்று ரேடியோ சொன்னது. அண்ணை என்னைக் கண்டால் வேறு ஒழுங்கையால் போனார்.

இரண்டு வருடம் கழித்து, சண்டை நின்ற சமாதான காலத்தில் தீவுக்கு ஜெனரேற்றர் வந்தது. ஊரே எங்கள் வீட்டில் கூடியிருக்க, மேர்சி சுவிட்சைப் போட்டாள். பெட்டி வெடித்துப் புகைந்தது.

குருசுமுத்து அண்ணை கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னுக்கு வந்தார்.

"பழுதாகும் எண்டு நான் அப்பவே சொன்னனான். நீர்தான் செபத்தை ஒழுங்காச் சொல்லேல்லை."