தட்டாத மணல்

தள்ளி நில்லேன் அக்கா. அந்தப் பெட்டிமேல் மட்டும் கையை வைக்காதே.

தங்கை இதை மனசுக்குள்தான் சொல்லிக்கொண்டாள். வாய்விட்டுச் சொன்னால் அக்கா வேண்டுமென்றே சாய்ந்து நிற்பாள். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

அக்காவின் சோதனைக்கூடத்தில் கண்ணாடி முகப்பு வைத்த பெட்டி, குளியல் தொட்டி அளவு. நடுவே செங்குத்தாக மெல்லிய அலுமினியத் தகடு. ஆழக் குழி தோண்டும்போது பக்கத்து மண் சரியாமலிருக்க வரிசையாக அடித்து இறக்குவார்களே, அந்த இரும்புத் தகட்டுச் சுவரின் குட்டி வடிவம். இருபுறமும் உலர்ந்த மணல். மணலை அவள்தான் சல்லடை வழியே ஒரே உயரத்திலிருந்து தூறல் போல விழவிடுவாள். பிறகு தகட்டுக்கு முன்பக்கம் மட்டும் கரண்டி கரண்டியாக அள்ளுவாள். எந்த ஆழத்தில் தகடு சாய்கிறது என்பதுதான் சோதனை.

இன்றும் பாதி ஆழத்திலேயே தகடு மெல்லத் தலைகுனிந்தது. பின்னாலிருந்த மணல் ஆப்பு போல வழுக்கி இறங்கியது. மூன்றாவது முறை.

“உன் கை ராசி அப்படி,” என்றாள் அக்கா. “போன மாசம் மட்டும் எப்படி நின்னுச்சாம்?”

போன மாதம் நின்றதை வைத்துத்தான், தகடுகள் குட்டையாக இருந்தாலே போதும் என்று கட்டுமான நிறுவனத்திடம் அக்கா வாக்குக் கொடுத்திருந்தாள். அவர்கள் தோண்டப்போகும் குழியை ஒட்டி வரிசையாகக் குடியிருப்புகள். நாளை நிறுவனத்தார் நேரில் பார்க்க வருகிறார்கள்.

“அன்னைக்கு நீ பெட்டியக் குத்தினே.”

“என்னது?”

“அப்பாவைப் பத்திப் பேச்சு வந்துச்சுல்ல. ‘உன் வீட்டுலயே கிடக்கட்டும்’னு இந்த விளிம்புல ஓங்கி ஓங்கிக் குத்தினே. மணல் ஒரு விரல் இறங்கிப்போச்சு. நீதான் மேல அள்ளிப் போட்டு மட்டம் பண்ணச் சொன்னே. மணல் இறுகிட்டதாலதான் சுவர் நின்னுச்சுக்கா.”

அக்கா சிரித்தாள். அந்தச் சிரிப்பில் பல் மட்டும்தான் இருந்தது.

“பெரிய கண்டுபிடிப்பு! எனக்கு நல்ல பேர் வந்தா உனக்கு வயித்தெரிச்சல். அதைச் சொல்லு.”

வயிற்றெரிச்சல்தானோ? முதல் முறை தகடு சாய்ந்தபோது உள்ளே எங்கோ சந்தோஷமாய்க் குளிர்ந்தது உண்மைதான். அந்தக் குளிர்ச்சிக்குப் பயந்துதான் இன்னும் இரண்டு முறை, மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு, மணலை நிரப்பினாள். அவள் மனசில் என்ன இருந்தால் மணலுக்கென்ன? அது சரியத்தான் செய்தது.

சுவரில் தொங்கிய ரப்பர் சுத்தியலை எடுத்து அக்கா அவள் கையருகே வைத்தாள்.

“இப்பவே நிரப்பு. நிரப்பிட்டு நாலு பக்கமும் நாலு தட்டு. யாருக்குத் தெரியப்போவுது?”

“குழி தோண்டற இடத்துல மண்ணு இறுக்கமா இல்லையே.”

“எனக்குப் பாடம் எடுக்காதே. முடியாதுன்னா நாளையிலேருந்து வராதே. நீயும் அப்பாவும் மூஞ்சிய மூஞ்சியப் பாத்துக்கிட்டு உக்காந்திருங்க.”

அப்பாவின் மாத்திரைகள், வாடகை, எல்லாம் ஒரு நொடி கண்முன் வந்து போயின. அவள் சுத்தியலை எடுத்தாள். மறுபடி ஆணியில் மாட்டினாள். சாய்ந்த தகட்டை நிமிர்த்தவில்லை. ஈரத்துணியால் கண்ணாடியை மட்டும், உள்ளே பளிச்சென்று தெரியும்படி துடைத்தாள்.

“இது இப்படியே இருக்கட்டும்க்கா. வர்றவங்க பாக்கட்டும்.”