ப்ராபர்ட்டின் தோட்டத்துப் பழங்கள்

ப்ராபர்ட்டின் தோட்டத்துக்குள் நுழைந்த மெரியல், முதல் மரத்திலிருந்து ஓர் ஆப்பிளைப் பறித்துக் கடித்தாள். வெறும் புளிப்பு. துப்பிவிட்டு அடுத்த மரத்துக்குப் போனாள். பக்கத்து வீட்டுக்காரரான ப்ராபர்ட் பார்த்தால் பார்க்கட்டும். அவர் திருடர் என்பதில் அவளுக்கு இத்தனை வருஷமாக ஒரு சந்தேகமும் இருந்ததில்லை.

எல்லாம் அவள் வீட்டு ஒற்றை மரத்தால் வந்தது. வேலியோரம் தானாக முளைத்ததை அவள் கணவன்தான் பார்த்து வளர்த்தான். பழத்தைக் கடித்தால் முதலில் இனிக்கும், அப்புறம் ஒரு கசப்பு வந்து நாக்கை வறட்டிவிடும். தின்ன லாயக்கில்லை. ஆனால் அதைச் சேர்த்துப் போட்ட சைடர் என்ற ஆப்பிள் மதுவைக் குடித்தவர்கள், ஹெரிஃபோர்ட்ஷையர் வட்டாரத்தில் மற்றவர்கள் போடுவதையெல்லாம் குறை சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள். அப்படியொரு பழம் வேறெங்கும் கிடையாது. விதை போட்டால் வேறு ஏதோ மரம்தான் வரும். குச்சி வெட்டி ஒட்டுக் கட்டினால்தான் அதே பழம். கணவன் இறந்த பிறகு ப்ராபர்ட் ஒரு குச்சி கேட்டார். மெரியல் முகத்தில் அடித்தாற்போல் மறுத்துவிட்டாள்.

மனுஷன் கோபித்துக்கொள்ளவில்லை. குளிர்காலந்தோறும் ஏணியோடு வந்து, கூலி வாங்காமல் கிளை கழித்துக் கொடுத்தார். சும்மா யார் செய்வார்கள்? அவள் கீழேயே காவல் நின்றாள். வெட்டிய சுள்ளிகளை அங்கேயே போட்டு எரிக்க வைத்தாள். கிளம்பும்போது கோட்டுப் பையைக்கூட வெளியே இழுத்துக் காட்டச் சொன்னாள். அப்படியும் பூட்ஸுக்குள் ஒன்றைச் செருகியிருப்பார் என்றுதான் நினைத்துக்கொள்வாள்.

இந்த வசந்தத்தில் மரம் துளிர்க்கவில்லை. வேரில் பூஞ்சை. நுனிவரை காய்ந்துவிட்டது, ஒட்டுக் கட்ட ஒரு பச்சைக் குச்சிகூட மிஞ்சவில்லை. அன்று முதல் அவள் வேண்டிக்கொண்டது ஒன்றுதான்: அந்தக் கிழவன் திருடியிருக்க வேண்டும். கேட்டால் மறுப்பார், பழத்தைக் கடித்துப் பார்த்தால் அந்தக் கசப்பே காட்டிக்கொடுத்துவிடும் என்று, பழுக்கும்வரை வாயைத் திறக்காமல் இருந்தாள்.

பாதித் தோட்டத்தைக் கடித்து முடித்தபோது ப்ராபர்ட் வந்து நின்றார்.

“உண்மையச் சொல்லுய்யா. நான் சண்டைக்கு வரமாட்டேன். எந்த மரத்துல கட்டியிருக்கே?”

“நான் எடுக்கலை, மெரியல். நீதான் கூடாதுன்னியே.”

அவர் முகத்தில் கொஞ்சமாவது கள்ளம் தெரிகிறதா என்று அவள் ஆசையோடு தேடினாள். இவ்வளவு நல்லவனாக ஒருத்தன் இருக்கவே முடியாது என்று மனசு அடம்பிடித்தது. அடுத்த மரத்துக்கு நடந்தாள். அதில் பழங்கள் கைக்கு எட்டாத உயரத்தில் இருந்தன. ப்ராபர்ட் கொக்கிக் கழியை எடுத்து வந்து, ஒரு கிளையை வளைத்து அவள் உயரத்துக்குத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டார்.